உருளுவதும் வழுக்குவதும்

சிவகாசிக்கு வெளியூரிலிருந்து லாரி லாரியாகக் காகிதம் வரும், அட்டை வரும், ரசாயன மூட்டை வரும். குப்பை வந்து இறங்கியது பலவேசம் வீட்டில் மட்டும்தான். அதுவும் லேசுப்பட்ட குப்பை இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே ஆறு மணி நேரம் மலையேறி, மழைக்காட்டு மரத்தடியில் ஈரச்சருகைக் கையால் அள்ளிச் சலித்து, துணிப்பையில் கட்டி, வனக்காவலர் முனியராஜ் தலையிலும் பலவேசத்தின் மகள் சுகிர்தாவின் தோளிலுமாக இறங்கி வந்த குப்பை. வந்ததோடு காலில் நாலைந்து அட்டைப்பூச்சியும் ஒட்டிக்கொண்டு வரும். சுகிர்தா அவற்றைப் பிய்த்தெறியாமல் வாலிலிருந்து தலை வரை பார்த்துவிட்டுத்தான் விடுவாள்.

"எம் மக குப்பை பொறுக்கி டாக்டர் பட்டம் வாங்கப் போறா" என்று பலவேசம் தன் அச்சகத்துக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். பட்டாசு டப்பாவுக்கு லேபிள் அடிக்கிற அச்சகம். முப்பத்திரண்டு வயது மகள் கல்லாவில் வந்து உட்கார மாட்டேன் என்றதில் அவருக்கு வருத்தம் உண்டு. அந்த வருத்தத்தைக் கேலியாக்கித்தான் வெளியே விடுவார். ஆனால் அச்சகத்துக்கு மேலே இருந்த பெரிய அறையைக் கேட்டதும் கொடுத்துவிட்டார். மேலுக்கு எரிச்சல், உள்ளுக்குப் பெருமை. தகப்பன்மார் எல்லாருக்கும் உள்ள வியாதிதான்.

மழை குறைவு, வெயில் அதிகம் என்பதால்தான் இந்த வட்டாரத்தில் பட்டாசும் அச்சும் தழைத்தன. அதே வெயில் சுகிர்தாவுக்கும் கைகொடுத்தது. சருகுப் பைகளை அறையில் வரிசையாகத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றின் அடியிலும் ஸ்பிரிட் ஊற்றிய குப்பியைப் பொருத்திவிடுவாள். சருகு காயக் காய அதிலுள்ள பூச்சிகள் ஈரம் தேடிக் கீழே இறங்கும். இறங்கினால் குப்பிதான். மலையில் ஒரு வாரம் ஆகிற வேலை இங்கே இரண்டே நாளில் முடிந்தது. கீழே மிஷின் ஓடும்போது மேலே குப்பிகள் ஒன்றையொன்று உரசிக் கிணுகிணுக்கும். அவளுக்கு அந்தச் சத்தம் பிடிக்கும்.

அவள் தேடியது ஒரு வண்டை. எள்ளில் பாதி இருக்கும். காட்டு ஜாதிக்காய் மரத்தடிச் சருகில்தான் அது வாழும். அந்த மரம் மலையின் கீழ்க்காட்டிலும் உண்டு, அங்கிருந்து இரண்டு மணி நேரம் ஏறினால் வருகிற மேல்காட்டிலும் உண்டு. எந்தக் காட்டில், எந்த மரத்தடியில், எத்தனை வண்டு? மூன்று வருடமாக அவளுடைய ஆராய்ச்சி இந்த ஒரே கேள்விதான். தெரிந்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. அவளிடம் இரண்டு பதில் இருந்தது. உதவித்தொகை விண்ணப்பத்தில் எழுதுகிற பதில் ஒரு பக்கம் வரும். இன்னொன்று, தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை என்பது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டாயிரத்து ஆறு செப்டம்பரில் கீழ்க்காட்டில் பதினெட்டு மரம், மேல்காட்டில் பதினெட்டு மரம் என்று சருகு எடுத்தாள். மரத்துக்கு ஒன்றாக முப்பத்தாறு குப்பி. ஒவ்வொன்றிலும் எறும்பு, சிலந்தி, புழு, மண் எல்லாம் கலந்த ஒரு கலங்கல். அதிலிருந்து அந்த வண்டை மட்டும் தூரிகை நுனியால் பொறுக்கி, அதே எண் போட்ட சின்னக் குப்பிக்கு மாற்ற வேண்டும். முதல் குப்பியில் பாதி முடிப்பதற்குள் அவளுக்குக் கண் பொங்கிவிட்டது.

அப்போதுதான் அய்யம்மாள் வந்தாள். விஸ்வநத்தத்துக்காரி, வயது நாற்பத்தைந்து. பட்டாசுக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாகப் பேக்கிங் வேலை. தீபாவளி முடிந்து கம்பெனியைப் பூட்டினால் ஒரு மாதத்துக்கு மேல் வேலை கிடையாது. அந்த நாட்களில் லேபிள் வெட்ட, கட்ட என்று அச்சகத்துக்கு வருவாள். அவள் கை வேலை செய்கிற வேகத்தைப் பார்த்துவிட்டு சுகிர்தா அவளை மாடிக்கு அழைத்துக்கொண்டாள். பெரிதாக்கிக் காட்டுகிற கண்ணாடி வில்லையைக் காட்டினாள், தூரிகை பிடிக்கக் காட்டினாள், ஸ்பிரிட் ஆவியாகாமல் மூடக் காட்டினாள்.

அய்யம்மாள் வண்டை உற்றுப் பார்த்தாள். "அரிசிக் குருணை மாதிரில்லா இருக்கு. இதுக்காகவா பாப்பா மலை ஏறிப் போறீக?"

"ஆமாக்கா."

"நல்லா இருக்கு போங்க" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினாள். அன்றிலிருந்து அதற்குக் குருணை வண்டு என்றே பெயர். லத்தீனில் அதற்கு இரண்டு முழப் பெயர் ஒன்று உண்டு. அந்த மாடியில் அதை யாரும் சொல்லவில்லை.

பத்து நாளில் முப்பத்துநாலு குப்பி முடிந்தது. சுகிர்தா எண்ண உட்கார்ந்தாள். கீழ்க்காட்டு முதல் மரத்தில் பதினைந்து வண்டு, இரண்டாவதில் பதினாலு, மூன்றாவதில் பதினாறு, அடுத்ததில் மறுபடி பதினைந்து. மேல்காட்டு மரங்களில் பதினொன்று, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. எண்ண எண்ண அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. பூச்சிகள் இப்படி இருப்பதே இல்லை. ஒரு மரத்தடியில் நாற்பது கிடக்கும், பக்கத்து மரத்தடியில் ஒன்றுகூட இருக்காது. இங்கேயோ யாரோ பந்தியில் இலைக்கு இலை எண்ணிப் பரிமாறிய மாதிரி இருந்தது.

சந்தேகப்படாமல் இல்லை. மூன்று தரம் எண்ணினாள். மிச்சக் கலங்கலை வில்லைக்கடியில் வைத்துத் துழாவினாள். அய்யம்மாள் ஒரு வண்டைக்கூட விட்டிருக்கவில்லை.

"அக்கா, எடுக்கும்போது கீழ எதுவும் சிந்தலயே?"

"ஒண்ணுகூடச் சிந்தல பாப்பா. எங்கையில சிந்துமா?"

கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டுவிட்டதாக சுகிர்தா நினைத்தாள். ஆசை வந்துவிட்டால் படித்தவளுக்கும் இப்படித்தான் ஆகும். அடுத்த இரண்டு நாளில் ஒரு பெரிய கோட்டையையே கட்டிவிட்டாள். ஒரு மரத்தடி இத்தனை வண்டைத்தான் தாங்கும். நெரிசல் கூடினால் மிச்சம் நகர்ந்து அடுத்த மரத்துக்குப் போய்விடும். காட்டுக்குள் ஓசைப்படாமல் ஒரு பங்கீடு நடக்கிறது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து மதுரையிலிருந்த வழிகாட்டிப் பேராசிரியர் லட்சுமிகாந்தத்துக்கு நாலு பக்கம் எழுதி அனுப்பினாள்.

மறுநாளே அவர் போன் செய்தார். மூன்று வருடத்தில் அவர் தானாகப் போன் செய்தது அதுதான் முதல் முறை. ஜனவரியில் பெங்களூரில் நடக்கிற கருத்தரங்கில் அவளுக்கு அரை மணி நேரம் வாங்கிவிட்டதாகச் சொன்னார். அங்கே ஒரு ஆய்வு நிலையத்தில் இடம் காலியாக இருக்கிறது, தேர்வு செய்கிறவர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்கள் என்றும் சொன்னார். அவளுக்கு உதவித்தொகை மார்ச்சோடு முடிகிறது. அதற்குப் பிறகு கல்லாதான். ஆகவே அந்த அரை மணி நேரம்தான் இனி அவளுக்குக் காடா கல்லாவா என்று முடிவு செய்யப்போகிறது. பலவேசம் சாத்தூர் சேவு வாங்கி மிஷின்காரர் முதல் லேபிள் எடுக்க வந்த லாரி டிரைவர் வரை கொடுத்தார்.

மிச்சம் இருந்த இரண்டு குப்பியை அய்யம்மாள் எடுத்துக்கொண்டிருந்த காலையில் சுகிர்தா இருவருக்கும் காப்பி கொண்டுவந்தாள். கதவருகே நின்றபடி பார்த்தாள். அய்யம்மாள் புதுக் குப்பியிலிருந்து வண்டுகளை வரிசையாக எடுத்து மாற்றினாள். ஏழுதான் இருந்தது. குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். பிறகு பக்கத்தில் ஓரமாக வைத்திருந்த வேறொரு குப்பியைத் திறந்து, அதிலிருந்து நாலைந்து வண்டைத் தூரிகையில் எடுத்து இதில் போட்டாள். மறுபடி தூக்கிப் பார்த்தாள். திருப்தியாக மூடினாள்.

சுகிர்தா காப்பியைக் கதவோரமே வைத்துவிட்டு உள்ளே வந்தாள். "அக்கா! என்ன பண்றீங்க?"

"குறையுதுல்லா. சரிக்கட்டுதேன்."

"எல்லாத்துலயும் இப்படியா பண்ணுனீங்க?"

"பின்ன? ஒரு டப்பாவுல ஐம்பது கிடக்கு, ஒரு டப்பாவுல மூணு கிடக்கு. அப்படியே மூடி அனுப்புனா பாக்குறவன் என்ன சொல்லுவான்? கூடுதலா இருந்ததத் தனியா எடுத்து வச்சு, குறைஞ்சதுல எல்லாம் நெரவிட்டேன். பாப்பாவுக்குக் கெட்ட பேர் வரக் கூடாதுல்லா."

"யாரைக் கேட்டுப் பண்ணுனீங்க? மூணு வருசம்க்கா! எம் மூணு வருசத்த அப்படியே அழிச்சிட்டீங்க!" கீழே மிஷின் ஓடுகிற சத்தத்தையும் மீறிக் கத்திவிட்டாள். பலவேசம் படியேறி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, மகள் முகத்தைக் கண்டு பேசாமல் இறங்கிப் போனார்.

அய்யம்மாளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. தூரிகையைப் பிடித்தபடியே நின்றாள். "நான் வேலைக்குச் சேர்ந்த வருசம் ஒரு பாக்கெட்டுல ரெண்டு வெடி குறைஞ்சிருச்சு பாப்பா. கம்பெனி கேட்டுல அம்புட்டுப் பேர் முன்னாடியும் என் டப்பா பூராவையும் கொட்டி எண்ணச் சொன்னாக. அன்னையிலிருந்து எங்கையில ஒரு டப்பா குறைஞ்சு போனதில்ல. எண்ணக்கூட மாட்டேன், கண்ணே சொல்லிரும்."

சுகிர்தா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். கோபம் இன்னும் இருந்தது. ஆனால் அதை இந்தம்மாவிடம் காட்ட முடியவில்லை. வில்லை பிடிக்கச் சொல்லிக்கொடுத்தாள், மூடி திருகச் சொல்லிக்கொடுத்தாள். குறைந்தால் குறைந்தபடியே இருக்கட்டும் என்ற ஒன்றை மட்டும் சொல்லவே இல்லை. அவளைப் பொறுத்தவரை அது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமே இல்லை. அய்யம்மாளைப் பொறுத்தவரை நிரவுவதும் அப்படியே.

அன்று மதியம் வரை அவள் மனசு படாத பாடு பட்டது. இந்த அறையில் நடந்தது பெங்களூரில் யாருக்குத் தெரியும்? எண்கள் பேப்பரில் இருக்கின்றன, அழகாகவே இருக்கின்றன. அரை மணி நேரம் பேசிவிட்டு வந்தால் வேலை. இன்னொருவர் அதே மலையில் ஏறி எண்ணிப் பார்ப்பதற்குப் பத்து வருடம் ஆகும். இந்த யோசனை எத்தனை சுலபமாக வருகிறது என்று கண்டபோது அவளுக்குத் தன்மேலேயே பயம் வந்தது.

பேராசிரியருக்குச் சொல்வதற்கு முன் எவ்வளவு கெட்டிருக்கிறது என்றாவது தெரிந்துகொள்ள நினைத்தாள். "அக்கா, மேல்காட்டு டப்பாவுல குறைஞ்சப்போ கீழ்க்காட்டுல இருந்து எடுத்துப் போட்டீங்களா?"

அய்யம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அதெப்படிக் கலக்க? ரெண்டும் வேற வேற ரகம்லா. ஒரு டப்பாவுல ரெண்டு ரகம் போடக் கூடாது. மேல்காட்டச் சரிக்கட்ட மேல்காடு, கீழ்க்காட்டுக்குக் கீழ்க்காடு."

"ரெண்டும் ஒரே வண்டுதானக்கா."

"யாரு சொன்னா?"

"புஸ்தகத்துல இருக்கு. நானே மூணு வருசமா பாக்குறேன்."

"பாத்தா ஒண்ணு போலத்தான் இருக்கு. தூரிகையில எடுத்துப் பாருங்க. மேல்காட்டுக் குருணை உருளும். கீழ்க்காட்டுக் குருணை உருளாது, வழுக்கிட்டுப் போகும்."

சுகிர்தா எழுந்து, அய்யம்மாளைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு, குழித்தட்டு ஒன்றை எடுத்தாள். நாற்பது குழியில் நாற்பது வண்டு. எது எந்தக் காட்டுக் குப்பியிலிருந்து வந்தது என்பதைத் தன் நோட்டில் மட்டும் குறித்துக்கொண்டு தட்டை நகர்த்தினாள். அய்யம்மாள் தூரிகை நுனியால் ஒவ்வொன்றையும் ஒரு தள்ளு தள்ளினாள். "உருளுது. உருளுது. வழுக்குது. உருளுது..." வில்லையை அவள் தொடவே இல்லை. கண்கூட ஜன்னல் பக்கம் போய்ப் போய் வந்தது.

நாற்பதில் முப்பத்தொன்பது சரியாக இருந்தது.

"ஒண்ணு தப்பு" என்றாள் சுகிர்தா. "இந்த இருபத்தேழாவது. நீங்க வழுக்குதுன்னீங்க. அது மேல்காட்டுக் குப்பியில இருந்து எடுத்தது."

அய்யம்மாள் திரும்ப ஒருமுறை தள்ளிப் பார்த்தாள். "அது எங்கயிருந்து வந்ததோ எனக்குத் தெரியாது. இது வழுக்குற ரகம்தான்."

சுகிர்தா அந்த வண்டை நுண்ணோக்கிக்குக் கீழே வைத்தாள். இதுவரை எத்தனையோ ஆயிரம் வண்டைப் பார்த்திருக்கிறாள், எல்லாவற்றையும் முதுகுப் பக்கமாக. புத்தகத்துப் படமும் முதுகுதான். முதல் தடவையாகக் கவிழ்த்து வயிற்றைப் பார்த்தாள். தட்டையான அடிவயிறு, இரண்டு பக்கமும் படகு விளிம்பு போல நீண்ட ஒரு மேடு. கீழ்க்காட்டு வண்டு ஒன்றை எடுத்துக் கவிழ்த்தாள். அதே மேடு. மேல்காட்டு வண்டைக் கவிழ்த்தாள். மேடே இல்லை, வயிறு உருண்டு திரண்டிருந்தது. இன்னும் பத்து, இன்னும் இருபது. சாப்பிடக் கூப்பிட்ட அம்மாவுக்கு அவள் பதில்கூடச் சொல்லவில்லை. ஒரே வண்டு என்று உலகம் பெயர் வைத்திருந்தது இரண்டு வண்டாக இருந்தது. இருபத்தேழாவது, சந்தேகமே இல்லாமல் கீழ்க்காட்டு வண்டு.

அப்படியானால் அது மேல்காட்டுக்கு எப்படிப் போனது? ஏறிப் போனதா? மேல்காட்டின் ஏதோ ஒரு மரத்தடியில் இரண்டு ரகமும் சேர்ந்து வாழ்கின்றனவா? கேள்வி நெஞ்சில் வந்து விழுந்த வேகத்திலேயே அதன் பதிலும் விழுந்தது: அல்லது அய்யம்மாளின் தூரிகையில் ஒட்டிக்கொண்டு போயிருக்கலாம்.

"நான் போடல பாப்பா" என்றாள் அய்யம்மாள், கேட்காமலே. "ரகம் மாத்தி நான் போட மாட்டேன்."

"நம்புறேன்க்கா. ஆனா நான் நம்புனாப் போதாது. ஒரு குப்பியைத் தொறந்து இன்னொண்ணுல போட்டாச்சுல்ல? இனிமே இதுல எதையும் யாரும் நம்பக் கூடாது."

மொட்டை மாடிக்குப் போய் லட்சுமிகாந்தத்துக்குப் போன் செய்தாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். சருகை எடுத்தது நான், ஆள் வைத்தது நான், சொல்லிக்கொடுக்காமல் விட்டதும் நான்தான் என்றாள்.

"கருத்தரங்குல உன் பேரை எடுத்துடறேன்" என்றார் அவர். "இந்த ரெண்டு ரகம் சமாச்சாரமும் இந்தக் குப்பிகளை வச்சுப் பேசறதுக்கில்லை. புதுசா எடுத்துட்டு வா. அப்புறம் பார்க்கலாம்."

அரை மணி நேரம் வேறு யாருக்கோ போயிற்று. அந்த வேலையும் அதோடு போயிற்று என்று அவளுக்குத் தெரியும். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று அழுதாள். பலவேசத்திடம் சொன்னபோது அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "சரி விடும்மா, குடுத்த சேவைத் திருப்பியா வாங்க முடியும்" என்றார். அதற்கு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பொங்கலுக்குக் கம்பெனி மூன்று நாள் லீவு. அய்யம்மாள் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகாமல், துணிப்பையும் கையுமாக அதிகாலை பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றாள். வேண்டாம் என்று சுகிர்தா எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. "நான் போடலன்னா, அது அங்கன இருக்கணும்லா? இருக்கா இல்லையான்னு நானும் பாக்கணும்."

மழைக்காட்டுக்குள் நுழைந்ததும் அய்யம்மாள் அண்ணாந்தாள். வானமே தெரியவில்லை. மரப்பட்டையைத் தொட்டாள், கை நனைந்தது. பாசி மூடிய பாறையைத் தொட்டாள், அதுவும் நனைத்தது. முனியராஜ் எடுத்துக் காட்டிய சருகைப் பிழிந்தே பார்த்துவிட்டாள். பிறந்ததிலிருந்து காய்கிற பொருளோடேயே இருந்தவள்.

"ஏ ஆத்தா, இங்கன ஒரு திரிகூடக் காயாதே" என்றாள். "எம்புட்டுப் பூச்சி, எம்புட்டுச் செடி! இதுல ஒண்ணாவது ஒண்ணு போல இருக்கா பாருங்க." காலில் ஏறிய அட்டையை மடித்த இலையால் தள்ளிவிட்டு, அது சுருண்டு நிமிர்வதை சுகிர்தாவைப் போலவே குனிந்து பார்த்தாள்.

இந்த முறை சுகிர்தா முதலில் மேல்காட்டுக்குப் போனாள். கீழ்க்காட்டுச் சருகில் ஒரு பிடிகூடக் கையில் படுவதற்கு முன், பதினெட்டு மரத்தடியிலும் எடுத்து முடித்துப் பைகளைக் கட்டி அரக்கு வைத்தாள். வீட்டிலும் அப்படியே, மேல்காட்டுக் குப்பிகள் முதலில். புதுத் தூரிகை, புதுக் குப்பிகள். கம்பெனி திறந்துவிட்டதால் ஞாயிற்றுக்கிழமைதான் அய்யம்மாளால் வர முடிந்தது. அதுவரை குப்பி எதையும் தொடாமல் காத்திருந்த சுகிர்தா, எதிரிலேயே நோட்டோடு உட்கார்ந்தாள்.

முதல் குப்பியில் நாற்பத்தொன்று. இரண்டாவதில் இரண்டு. மூன்றாவதில் பத்தொன்பது. "எல்லாம் உருளுது" என்றாள் அய்யம்மாள். ஒவ்வொரு எண்ணையும் சொல்லும்போது அவள் முகம் சுளித்தது. இரண்டு மட்டும் கிடந்த குப்பியை மூடுவதற்கு அவளுக்குக் கை வரவில்லை, மூடினாள். நாலு, ஐந்து, ஆறு. மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒன்பதாவது குப்பியை எடுத்தாள். பதிமூன்று வண்டு. எட்டாவதைத் தள்ளும்போது தூரிகை நின்றது. இன்னொரு தரம் தள்ளினாள். பிறகு தூரிகையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுக் கையை மடியில் கட்டிக்கொண்டாள்.

"பாப்பா, நீங்களே பாருங்க. நான் தொடல."

சுகிர்தா அந்த வண்டைக் கவிழ்த்து நுண்ணோக்கிக்குக் கீழே வைத்தாள். தட்டையான வயிறு. இரண்டு பக்கமும் அந்த மேடு. மலையில் இரண்டு மணி நேர ஏற்றத்துக்கு மேலே, இன்னொரு ரகத்தின் காட்டில், எள்ளில் பாதியே இருக்கிற ஒன்று எப்படியோ போய்ச் சேர்ந்து வாழ்ந்திருக்கிறது. எப்படி என்பதற்கு இன்னும் எத்தனை வருடம் ஆகுமோ, எந்தப் பணத்தில் ஏறுவாளோ, தெரியாது. அது அங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது.

"ஆமாக்கா" என்றாள். "அன்னைக்கும் நீங்க போடல."

அய்யம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பத்தாவது குப்பியை எடுத்து, கலங்கலை ஓரம் ஓரமாக விலக்கி, அடிவரை தேடினாள். மறுபடி ஒருமுறை தேடினாள். அதில் குருணை வண்டு ஒன்றுகூட இல்லை. சின்னக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். வெறும் ஸ்பிரிட்தான் ஆடியது. இடது பக்கம் நாற்பத்தொன்று கிடக்கிற முதல் குப்பி இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. காலிக் குப்பியை மூடி, மூடியை நன்றாகத் திருகி, பத்து என்று லேபிள் ஒட்டி வரிசையில் வைத்தாள்.

"இதுல இல்ல பாப்பா" என்றாள். "இல்லன்னே எழுதிக்கோங்க."